சுண்ணாம்பின் வாய்பாட்டில் அடைப்புக்குறி எதற்கு?

வெற்றிலையில் தடவும் சுண்ணாம்புக்கு வேதியியலில் பெயர் கால்சியம் ஹைட்ராக்சைடு. அதன் வாய்பாட்டை (எந்த அணு எத்தனை என்று காட்டும் குறிப்பை) காரணம் தெரிந்து எழுதப் பழகினால், பள்ளிப் பாடத்தில் வரும் பெரும்பாலான உப்புகளை மனப்பாடம் செய்யாமலே எழுதிவிடலாம். (எழுத்துகளை வாயால் சொல்வதுபோல் இங்கே தமிழில் தருகிறோம். நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள்.)

முதலில் தனிமத்தின் குறியீடு. முதல் எழுத்து எப்போதும் பெரியது. இரண்டாவது இருந்தால் அது சிறியது. கால்சியத்துக்குப் பெரிய சி, சிறிய ஏ. இதில் அலட்சியம் கூடாது. பெரிய சி, சிறிய ஓ என்றால் கோபால்ட் என்ற உலோகம்; அந்த ஓ-வையும் பெரிதாக எழுதினால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு. சோடியத்துக்கு ஏன் என்ஏ, இரும்புக்கு ஏன் எஃப்இ என்று குழம்பாதீர்கள். நேட்ரியம், ஃபெர்ரம் என்ற இலத்தீன் பெயர்களின் எச்சம் அது. ஸ்வீடனைச் சேர்ந்த வேதியியலாளர் பெர்சீலியஸ் 1813-14 வாக்கில் இந்த எழுத்து முறையைக் கொண்டுவந்தபோது, அணுக்கள் எத்தனை என்று காட்டும் எண்ணை எழுத்தின் தலைப்பக்கம் போட்டார். அது காலடிக்கு இறங்கியது பிறகுதான்.

அடுத்தது இணைதிறன், அதாவது ஓர் அணுவோ, ஹைட்ராக்சைடு போன்ற அணுத் தொகுதியோ மற்றவற்றோடு சேரும் திறனைக் காட்டும் எண். இதை மட்டும் நெட்டுரு போடத்தான் வேண்டும். சோடியம், குளோரின், ஹைட்ராக்சைடு, நைட்ரேட், அம்மோனியம் 1. கால்சியம், ஆக்சிஜன், சல்பேட், கார்பனேட் 2. அலுமினியம், பாஸ்பேட் 3. இரும்புக்கு 2, 3 இரண்டும் உண்டு. எது என்பதைப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள ரோமன் எண் சொல்லும்.

இனி உலோகத்தை இடப்பக்கம் எழுதி, இணைதிறன்களைக் குறுக்காக மாற்றிக் கீழே போடுங்கள். அலுமினியம் 3, ஆக்சிஜன் 2, ஆகவே ஏஎல்₂ஓ₃. கால்சியம் ஆக்சைடில் இரண்டு பக்கமும் 2 வரும், சுருக்கினால் சிஏஓ. இந்தச் சுருக்கலை ஹைட்ரஜன் பெராக்சைடிடம் காட்டக் கூடாது. எச்₂ஓ₂ என்பது ஒரு மூலக்கூறில் உண்மையாகவே இருக்கும் அணுக்களின் எண்ணிக்கை.

சுண்ணாம்புக்கு வருவோம். கால்சியம் 2, ஹைட்ராக்சைடு 1. இரண்டு ஹைட்ராக்சைடு வேண்டும், ஆகவே சிஏ(ஓஎச்)₂. அடைப்பை விட்டுவிட்டால் அந்த 2 ஹைட்ரஜனை மட்டும் பெருக்கும். அணு நிறைகளை (கால்சியம் 40, ஆக்சிஜன் 16, ஹைட்ரஜன் 1) கூட்டினால் கணக்கில் 40+16+2=58 வரும்; சரியான நிறை 40+2×17=74. தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தொகுதி ஒன்றே ஒன்று என்றால் அடைப்பு தேவையில்லை: என்ஏஓஎச்.

வாய்பாட்டுக்கு முன்னால் வரும் எண் வேறு. 2எச்₂ஓ என்றால் இரண்டு தண்ணீர் மூலக்கூறுகள். சமன்பாட்டைச் சமன்செய்ய இந்த முன் எண்ணைத்தான் மாற்றலாம். கீழெண்ணில் கைவைத்தால் பொருளே மாறிவிடும், தண்ணீர் பெராக்சைடாகும்.

கடைசியாக, நடுவில் வரும் புள்ளி. மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட்டின் நீலப் படிகம், சியுஎஸ்ஓ₄·5எச்₂ஓ. அந்தப் புள்ளி பெருக்கல் குறி அல்ல. படிகத்தில் ஒவ்வொரு சியுஎஸ்ஓ₄-க்கும் ஐந்து தண்ணீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கின்றன என்பதற்கான அடையாளம். சூடாக்கினால் தண்ணீர் போய் நீலம் வெள்ளையாகும். நிறை 249.5, அதில் தண்ணீர் மட்டும் 90. ஆகவே ஆய்வகத்தில் 16 கிராம் நீரற்ற காப்பர் சல்பேட்டுக்கு ஈடாக நீலப் படிகத்தை எடுப்பதானால் தராசில் 25 கிராம் நிறுக்க வேண்டும்.