கைதுக்குப் பிறகு: ஜாமீன் விஷயத்தில் குடும்பங்கள் சறுக்கும் இடங்கள்

வீட்டிலிருந்து ஒருவரை போலீஸ் அழைத்துப் போனதும் முதல் போன் பெரும்பாலும் வக்கீலுக்குப் போவதில்லை. ‘ஸ்டேஷன்ல எனக்கு ஆள் இருக்கு’ என்று சொல்லும் யாரோ ஒருவருக்குத்தான் போகிறது. அவர் வருவார், ‘பேசி முடிச்சுடலாம்’ என்பார், கவர் கைமாறும். மறுநாள் பார்த்தால் ஆள் ரிமாண்டில், அதாவது மாஜிஸ்திரேட் உத்தரவுப்படி காவலில், போயிருப்பார். எஃப்.ஐ.ஆர். பதிவாகிக் கைதும் காட்டியாகிவிட்டால், நடைமுறையில் விஷயம் ஸ்டேஷனைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அடுத்து முடிவெடுப்பவர் மாஜிஸ்திரேட். காசையும் நேரத்தையும் செலவழிக்க வேண்டிய இடம் அவர் முன்னால் நிற்கப்போகும் வக்கீல்தான்.

கைதான 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் ஆஜர்படுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அந்த ஒரு நாள் முழுவதும் குடும்பமே ஸ்டேஷன் வாசலில் காத்திருக்கும். கோர்ட்டில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். விடுமுறை நாளிலோ இரவிலோ ரிமாண்ட் மாஜிஸ்திரேட்டின் வீட்டிலேயே நடந்து முடிந்துவிடும். ‘அடிச்சாங்களா?’ என்று அவர் கேட்பார். போலீஸ் பக்கத்திலேயே நிற்பதால் பயந்து ‘இல்லைங்க’ என்று சொல்லிவிட்டால், பத்து நாள் கழித்து மனுவில் காயத்தைப் பற்றி எழுதும்போது அதற்குப் பாதி வலுகூட இருக்காது. வக்கீல் கூடவே இருந்தால் அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வரும். கைதுக்கான காரணத்தை எழுத்தில் கொடுத்தார்களா என்றும் அவர் கேட்பார். கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில், காரணம் தரப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் எல்லாக் குற்றங்களுக்கும் பொதுவாகச் சொல்லியிருக்கிறது.

கைது நேரத்தைப் போலீஸ் எழுதிவைக்கும் கைது குறிப்பாணையில் (அரெஸ்ட் மெமோ) சாட்சியாகக் கையெழுத்துக் கேட்பார்கள். தேதியையும் நேரத்தையும் படித்துப் பார்க்காமல் போடாதீர்கள். முந்தின நாள் இரவு கூட்டிப்போனவரை மறுநாள் மதியம் கைது செய்ததாக எழுதியிருந்தால், அந்த 24 மணி நேரக் கணக்கே மாறிப்போகும். முன்பெல்லாம் இந்த மாதிரி நேரத்தில் வக்கீல்கள் உடனே ஒரு தந்தி கொடுக்கச் சொல்வார்கள். 2013-இல் தந்தி நின்றுபோனது. இப்போது அந்த வேலையை எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ அனுப்பும் மின்னஞ்சல் செய்கிறது: ‘இன்ன நேரத்தில், இன்ன இடத்தில் இவரை அழைத்துப்போனார்கள்’ என்று இரண்டே வரி போதும். அனுப்பிய நேரம் அதில் பதிவாகியிருக்கும், பின்னால் யாரும் மாற்றிச் சொல்ல முடியாது. வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் யார் கேட்டாலும் கிடையாது.

வக்கீலைப் பிடிப்பதில் நடக்கும் பெரிய தவறு, பதற்றத்தில் இரண்டு பேருக்கு வக்காலத்து போடுவது. அண்ணன் ஒருவரைப் பார்ப்பார், மாமனார் இன்னொருவரைப் பார்ப்பார். இரண்டு ஜாமீன் மனு போகும். முந்தைய மனுவைச் சொல்லாமல் மறைத்தது தெரிந்தால் அதற்காகவே மனு தள்ளுபடியாகலாம். ‘வெளியே கொண்டுவந்தா இவ்வளவு’ என்று பேரம் பேசுகிறவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள். வழக்கின் முடிவை வைத்துக் கட்டணம் பேசக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. என்ன பிரிவு, எந்தக் கோர்ட்டில் மனு, எப்போது விசாரணைக்கு வரும் என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்பவரே போதும், பெரிய பெயர் வேண்டியதில்லை.

காசில்லை என்பதற்காக வக்கீல் இல்லாமல் யாரும் நிற்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 15100-க்குப் போன் செய்யலாம், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம். இலவசம் என்றால் ஏனோதானோ என்று இருக்கும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. மூன்று நாள் கழித்து வரும் பிரபல வக்கீலைவிட, ரிமாண்ட் அன்றே கோர்ட்டில் நிற்கும் இலவச வக்கீல் எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

இனி ஜாமீன். ‘ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு’ என்று பத்திரிகையில் படித்ததும் பலர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்தப் பிரிவுகளில் ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாது, கோர்ட் பார்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். மாஜிஸ்திரேட் மறுத்தால் செஷன்ஸ் கோர்ட், அங்கேயும் மறுத்தால் உயர் நீதிமன்றம். ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் ஸ்டேஷனிலேயே விட வேண்டும். அங்கே போய்க் கெஞ்சத் தேவையில்லை. ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவர முடியாதவரை வசதியற்றவராகக் கருதி, அவருடைய சொந்தப் பிணையிலேயே விட வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 478-ஆவது பிரிவு சொல்கிறது.

‘பத்தாயிரம் ரூபாய்க்கு இருநபர் ஜாமீன்’ என்று உத்தரவு வந்ததும் இருபதாயிரத்துக்கு வட்டிக்கடை தேடி ஓடுபவர்கள் உண்டு. பணமாகக் கட்டச் சொல்லித் தனியாக உத்தரவிட்டிருந்தால் ஒழிய, அன்று கோர்ட்டில் அந்தத் தொகையை யாரும் வாங்குவதில்லை. அது ஒரு உறுதிமொழிப் பத்திரம். வாய்தாவுக்கு வராமல் போனால்தான் அந்தத் தொகையைக் கேட்பார்கள். தேவைப்படுவது அடையாள அட்டையும் வருமானத்துக்கோ சொத்துக்கோ அத்தாட்சியும் உள்ள இரண்டு பேர். அவர்கள் கிடைக்காதபோது கோர்ட் வாசலில் காசுக்கு ‘சூரிட்டி’ நிற்க ஆள் கிடைப்பார்கள். அவர்களுடைய ஆவணம் போலி என்று தெரிந்தால் ஜாமீனும் போகும், புது வழக்கும் வரும். அதைவிட, தொகையைக் குறைக்கவோ ஒரு ஜாமீன்தாரர் போதும் என்று மாற்றவோ மனுப் போடுவது நல்லது. ஜாமீன்தாரர் வேறு மாவட்டத்துக்காரர் என்பதற்காக மறுக்கக் கூடாது என்று 1978-இலேயே மோதிராம் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதிவிட்டார்.

அதிகம் பேர் கோட்டைவிடுவது இன்னொன்று. விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை போட போலீசுக்குக் கெடு இருக்கிறது. மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள். சில சிறப்புச் சட்டங்களில் இது நீளும். கெடு தாண்டினால் ஜாமீன் உரிமையாகிவிடுகிறது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். 61-ஆம் நாள் காலையில் மனுப் போட்டவர் வெளியே வருவார். ‘நாளைக்குப் போடலாம்’ என்று விட்டவருக்கு, அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால், அந்த உரிமை போனது போனதுதான். எண்ணிக்கை கைதான நாளிலிருந்து இல்லை, முதல் ரிமாண்ட் நாளிலிருந்து தொடங்குகிறது. காலண்டரில் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். வக்கீலுக்கும் முன்கூட்டியே ஞாபகப்படுத்துங்கள்.

ஜாமீன் கிடைத்துவிட்டது என்றதும் உத்தரவைப் படிக்காமல் விடுவதும் வழக்கம். தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து, ஊரை விட்டுப் போகக் கூடாது, சாட்சிகளைப் பார்க்கக் கூடாது என்று நிபந்தனைகள் இருக்கும். வேலைக்குப் போக முடியவில்லை என்றால் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். தளர்த்தக் கேட்டு மனுப் போடலாம். கைதுக்கு முன்பே வாங்கும் முன்ஜாமீன் உத்தரவில், இத்தனை நாளுக்குள் மாஜிஸ்திரேட் முன் ஆஜராகிப் பிணை எழுதிக்கொடு என்று கெடு இருந்தால், அதை விட்டவருக்கு அந்த உத்தரவே பயன்படாமல் போகலாம்.

வாய்தா ஒன்று தவறி வாரண்ட் வந்துவிட்டால் ஒளிந்துகொள்வதுதான் கடைசியாகச் செய்யக்கூடிய தவறு. ஜாமீனில் வந்தவர் தகுந்த காரணமின்றி ஆஜராகாமல் போவதே பி.என்.எஸ். (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 269-ஆவது பிரிவில் தனிக் குற்றம். ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆஸ்பத்திரி சீட்டோ வேறு அத்தாட்சியோ எடுத்துக்கொண்டு வக்கீலோடு நேரில் போய், வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்கும் ‘ரீகால்’ மனுக் கொடுங்கள்.