மகளுக்குக் 'காந்தள்' என்று பெயர் வைக்க

பூப்பெயர் வைக்க நினைத்தால், முதலில் அந்தப் பூவை நேரில் போய்ப் பாருங்கள். எங்கள் மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பந்தலில் ஏற்றுகிறோமே, அதுதான் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். விரியும்போது இதழ் அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. நாளாக ஆக முழுக்கச் சிவந்து, தீக்கொழுந்து மாதிரி மேலே வளைந்து நிற்கும். சங்கப் புலவர்கள் பெண்ணின் விரலுக்கு உவமை சொன்னதும், முருகனுக்குச் சூட்டியதும் இதைத்தான்.

அப்புறம் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். "வெசக்கெழங்கு பேரையா புள்ளைக்கு வெக்கற?" என்றார் எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி. கிழங்கு விஷம்தான், ஆனால் விதை மருந்துக்குப் போகிறது என்று மறைக்காமல் சொன்னேன். "சரி கண்ணு, கூப்புட்டுக் காட்டு" என்றார். வாசலில் நின்று கிணற்று மேடு வரைக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டேன். அமுச்சி சிரித்துவிட்டார். இப்படிக் கூப்பிட்டுப் பார்க்காமல் எந்தப் பெயரையும் முடிவு செய்யாதீர்கள்.

பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்க, பதிவான நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணம் இல்லை. எழுத்தை மட்டும் நின்று சரிபார்த்து வாங்குங்கள். எங்களுக்கு முதலில் 'காந்தல்' என்று வந்தது. அது அடிப்பிடித்த சோற்றுக்குச் சொல்வது. அன்றைக்கே திருத்தி வாங்கினேன்.