உலாத்துவது நடைப்பயிற்சி ஆகாது

திருவாரூர் கமலாலயக் கரையில் விடியற்காலையில் நடக்கும் பெரியவர்களைப் பார்த்தால் மனம் நிறைகிறது. ‘கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி’ என்பார்கள்; வேலி என்பது பழைய நில அளவு. அந்தக் குளத்தை ஒரு சுற்று சுற்றினாலே நல்ல நடைதான். ஆனால் பலர் பத்தடி நடக்கிறார்கள், நின்று ஊர்ச் செய்தி பேசுகிறார்கள், மறுபடியும் பத்தடி நடக்கிறார்கள். பேச்சுத் துணையும் முதுமைக்கு வேண்டியதே. என்றாலும் மூளைக்குப் பலன் கிடைக்க இதயத் துடிப்பு ஏற வேண்டும், மூச்சு சற்று வாங்க வேண்டும். நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் அளவு.

2011இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 55 முதல் 80 வயது வரையிலான 120 பேர் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர் வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம் விரைந்து நடந்தார்கள். மற்றவர்கள் கை கால்களை நீட்டி மடக்கும் பயிற்சிகளைச் செய்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி நடந்தவர்களுக்குச் சுமார் 2 விழுக்காடு பெருத்திருந்தது, மற்றவர்களுக்குச் சுருங்கியிருந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் சில இதே அளவு பலனைக் காட்டவில்லை. ஆகவே நடையை மறதி நோய்க்கு மருந்தாக எண்ணி மாத்திரையை நிறுத்துவது பெரிய தவறு.

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. “நாற்பது வருடம் சேற்றில் உழைத்த உடம்பு, இதற்கு எதற்கு நடை?” என்று கேட்கும் விவசாயிகள். ஐயா, இன்று நடவுக்கும் இயந்திரம், அறுவடைக்கும் இயந்திரம். வயலைப் பார்க்கப் போவதும் மோட்டார் சைக்கிளில். உழைப்பு நின்ற நாளிலிருந்தே உடம்பின் தெம்பு குறையத் தொடங்கிவிடுகிறது. ‘வீட்டு வேலையே போதும்’ என்று இருந்துவிடும் அம்மாக்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

முதல் நாளே 40 நிமிடம் நடந்து, மூட்டு வீங்கி, மறுநாள் படுத்துவிடுகிறவர்களும் உண்டு. மேற்சொன்ன ஆய்விலேயே 10 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி, ஏழாம் வாரத்தில்தான் 40ஐத் தொட்டார்கள். இன்சுலின் போடுகிறவர்கள், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். நடையில் நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிறகு ஐப்பசி வரும், அடைமழை வரும், நடை நின்றுவிடும். தை பிறந்த பிறகும் பலர் செருப்பை மாட்டுவதில்லை. மழை நாளில் வழுக்கும் வரப்பும் வாய்க்கால் கரையும் வேண்டாம். கூடத்தில் தொடங்கிக் கொல்லைத் தாழ்வாரம் வரை, பேரப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல, கைவீசி நடக்கலாம்.