தாய் தொலைவில் இருக்கையில் பிள்ளையை உறங்க வைத்தல்

மட்டக்களப்பின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், தாய் மத்திய கிழக்கிற்கு வேலைக்குச் சென்றிருக்க, அம்மம்மாவின் அணைப்பில் வளரும் சிறு பிள்ளைகள் பலர். இரவில் உறங்க மறுப்பதையும் திடீரென அழுவதையும் பிடிவாதம் என்று அதட்டாமல், பிரிவின் ஏக்கமாகவும் இருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள்.

3 முதல் 5 வயது வரையான பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேர உறக்கம் தேவை. முதலில் எழும்பும் நேரத்தை நிலைப்படுத்துங்கள். விடுமுறை நாளிலும் அது மாறக்கூடாது. மாலையில் தேநீர் கொடுப்பதை நிறுத்துங்கள். மேல் கழுவி, சாப்பிட்டு, பல் துலக்கி, நுளம்பு வலைக்குள் ஒரு கதை கேட்டு உறங்கும் ஒழுங்கு ஒவ்வோர் இரவும் அதே வரிசையில் நடந்தால், அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதே பிள்ளையின் பதற்றத்தைக் குறைக்கும்.

வீடியோ அழைப்பில்தான் பெரும்பாலான வீடுகளில் இந்த ஒழுங்கு குலைகிறது. குவைத்தில் இரவு 8 மணிக்குத் தாய் வேலை முடித்து அழைக்கும்போது இங்கே 10.30 ஆகிவிடும், உறக்கம் கலைந்த பிள்ளை, அழைப்பு முடிந்ததும் மீண்டும் ஒருமுறை பிரிந்ததுபோல் அழுகிறது. நேரடி அழைப்பைத் தாய்க்கு இயன்ற ஒரு பகல் வேளைக்கு மாற்றிவிட்டு, அவர் சொல்லும் கதையையோ தாலாட்டையோ ஒலிப்பதிவாகப் பெற்று, திரையைக் காட்டாமல் படுக்கையில் ஒலிக்கவிடுங்கள். "அம்மா நாளைக்கு வருவா" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்த வாக்கு பொய்க்கும்போது, மிஞ்சியிருக்கும் உங்கள் மீதான நம்பிக்கையும் போய்விடும்.

உறங்கிய முதல் சில மணி நேரத்துக்குள் கண்களைத் திறந்தபடி அலறி, அணைப்பவரையே அடையாளம் காணாமல் திமிறும் பிள்ளையை உலுக்கி எழுப்ப வேண்டாம். விழுந்து அடிபடாமல் அருகில் இருந்தால் போதும். காலையில் அதற்குப் பெரும்பாலும் எதுவும் நினைவிருக்காது. நூல் கட்டுவது உங்கள் மனதுக்கு ஆறுதல் என்றால் கட்டுங்கள், ஆனால் பிள்ளையின் காதுபடப் பேய் என்று பேசாதீர்கள்.

உறங்க வைப்பதற்காகத் தடிமன் பாணி மருந்தை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. வாயைத் திறந்தபடி வழக்கமாகக் குறட்டை விடுதல், மூச்சு இடையில் நின்று வருதல், இரவில் ஆசனவாயில் அரிப்பு, பகலில் விளையாட்டில் நாட்டமின்மை ஆகியவற்றில் எது தெரிந்தாலும், குடும்ப நல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ சொல்லுங்கள். ஒரு வாரத்துக்குப் படுத்த, விழித்த நேரங்களைக் குறித்து, குறட்டையைக் கைப்பேசியில் பதிந்து எடுத்துச் சென்றால், காரணத்தைக் கண்டறிவது வைத்தியருக்கு எளிதாகும்.