மேனேஜர் என்னைத் தாளித்துவிட்டார்

பேச்சு ஆங்கிலம் கற்றுக்கொடுப்பது என் பிழைப்பு. மாலை வகுப்புக்கு வரும் ஒருவர் ஒரு நாள் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். என்ன ஆச்சு என்றேன். "மை மேனேஜர் டெம்பர்ட் மீ, சார்" என்றார். வகுப்பே உச்சுக் கொட்டியது. அவர் சொன்னது புரியாமல் போயிருந்தால்கூடத் தேவலை. எல்லாருக்கும் புரிந்துவிட்டது, ஏனென்றால் எல்லார் காதிலும் விழுந்தது 'தாளிச்சுட்டார்' என்ற தமிழ். ஒரு லண்டன்காரர் அங்கே இருந்திருந்தால், இவரை மேனேஜர் சமாதானப்படுத்தினாரோ என்று விழித்திருப்பார்.

கடுகும் கறிவேப்பிலையும் எண்ணெயில் போடுவதற்கு 'டெம்பரிங்' என்பது இந்திய, இலங்கை ஆங்கிலத்தில் ஊறிப்போன சொல். அதில் தப்பில்லை. ஆனால் இங்கிலாந்து, அமெரிக்கச் சமையலறையில் சாக்லேட்டை உருக்கி, சரியான சூட்டுக்கு ஆறவைத்துப் பளபளப்பாக்குவதுதான் டெம்பர். அடித்த முட்டையில் சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, திரியாமல் பக்குவப்படுத்துவதும் அதுவே. ஆக, அங்கே அந்தச் சொல்லுக்குள் இருப்பது நிதானம். "டெம்பர் யுவர் எக்ஸ்பெக்டேஷன்ஸ்" என்றால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்று பொருள். திட்டு வாங்கியதைச் சொல்ல "ஹி டோல்ட் மீ ஆஃப்" போதும்.

தமிழில் திட்டுவதற்குச் சமையலறையையே காலி செய்து வைத்திருக்கிறோம்: தாளித்தார், காய்ச்சினார், வறுத்தெடுத்தார், பொரிந்து தள்ளினார். ஆங்கிலமும் இதே வேலையைச் செய்கிறது, ஆனால் அடுப்பு வேறு. 'பொரி' என்பதை நினைத்துக்கொண்டு "ஹி ஃப்ரைட் மீ" என்று சொல்லிவிடாதீர்கள். அமெரிக்கக் கொச்சையில் ஒருவரை ஃப்ரை பண்ணுவது என்றால் மின்சார நாற்காலியில் உட்காரவைத்து மரண தண்டனை கொடுப்பது! மூளை களைத்துப்போனால் "மை பிரெய்ன் இஸ் ஃப்ரைட்" எனலாம், அதில் ஆபத்தில்லை.

'வறுத்தெடுத்தார்' என்பதற்குப் பக்கத்தில் வருவது ரோஸ்ட். பிரிட்டனில் "ஐ காட் அ ரோஸ்டிங்" என்றால் செம திட்டு. அமெரிக்காவில் அதற்கு இன்னொரு முகம் உண்டு. நியூயார்க்கில் நகைச்சுவைக் கலைஞர்கள் கூடிய ஃபிரையர்ஸ் கிளப் புகழ் பெற்றதே இதனால்தான்: ஒரு பிரபலத்தை நடுவில் உட்காரவைத்து, நண்பர்களே மாறி மாறிக் கலாய்த்துத் தள்ளுவார்கள். அது ஒரு மரியாதை. நம் யூடியூப் பிள்ளைகள் 'ரோஸ்ட்' என்பதை எடுத்துக்கொண்டார்கள், அந்த மரியாதையை அங்கேயே விட்டுவிட்டார்கள் என்பது என் மனக்குறை.

கிரில் என்றால் வசவு கிடையாது, விடாமல் கேள்வி கேட்பது. "போலீஸ் கிரில்ட் ஹிம்" என்று நாளிதழ்த் தலைப்பில் தினமும் பார்க்கிறோம். சின்னச் சொல், தலைப்பில் அடங்கும். அதற்காக அலுவலக அறிக்கையில் அதை எழுதாதீர்கள். அங்கே 'குவெஸ்டண்ட்' என்பதே அழகு. இங்கே இன்னொரு குழி இருக்கிறது. துருவித் துருவிக் கேட்டார் என்பதைச் சொல்ல என் மாணவி ஒருத்தி "ஷி கிரேட்டட் மீ வித் குவெஸ்டன்ஸ்" என்று எழுதினாள். தேங்காய் துருவுவது கிரேட்தான். ஆனால் ஆங்கிலத்தில் அது உருவகமாகும்போது எரிச்சலூட்டுவது என்று ஆகிவிடும். அந்த நறநற சத்தத்தைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நாம் பிடித்துக்கொண்டது துருவல் அடி வரை போவதை.

உருவகம் கிடக்கட்டும், நேர்ப்பொருளிலேயே தடுக்கி விழுகிறோம். தமிழில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு வினை: காபி போடுவோம், குழம்பு வைப்போம், தோசை வார்ப்போம், சோறு வடிப்போம், வடை சுடுவோம். "ஐ வில் புட் காபி", "அம்மா கெப்ட் சாம்பார்" எல்லாம் அங்கிருந்து வருபவை. இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல், மேக். குக் என்றால் அடுப்பு ஏறியிருக்க வேண்டும். சாலடை யாரும் குக் பண்ணுவதில்லை. ரவையை எண்ணெய் இல்லாமல் வறுப்பதை ஃப்ரை என்று எழுதுபவர்கள் நிறைய. எண்ணெயோ நெய்யோ இல்லையென்றால் அது டிரை ரோஸ்ட். பேக் என்பது ஓவனுக்குள் நடப்பது, தோசைக்கல்லில் அல்ல.

'அரைவேக்காடு' கிட்டத்தட்ட "ஹாஃப் பேக்ட்" தான். ஒரு சின்ன வித்தியாசம்: நாம் ஆளையே அரைவேக்காடு என்போம். அவர்கள் பெரும்பாலும் அவன் சொன்ன திட்டத்தைத்தான் சொல்வார்கள். ஆளைச் சொல்ல நினைத்து வெறும் 'பேக்ட்' என்று நிறுத்தினால், கஞ்சா போதையில் இருக்கிறான் என்று ஆகிவிடும்.

இப்போது பிள்ளைகள் வாயில் புழங்கும் குக் இன்னும் மோசமான வழுக்குப் பாறை. "லெட் ஹிம் குக்" என்றால் தடுக்காதே, அவன் பிரமாதமாக ஏதோ செய்யப்போகிறான். "ஹி இஸ் குக்ட்" என்றால் அவன் கதை முடிந்தது. சமைப்பவன் ஜெயிக்கிறான், வெந்தவன் தோற்கிறான் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. "குக் த புக்ஸ்" மட்டும் பழைய சங்கதி, கள்ளக் கணக்கு எழுதுவது.

சமையல் மாதிரியே தெரிந்து ஏமாற்றுபவையும் உண்டு. "ஸ்மால் ஃப்ரை" என்றால் பொடிப்பயல், முக்கியமில்லாத ஆள். அந்த ஃப்ரைக்கும் வாணலிக்கும் சம்பந்தமில்லை, அது மீன்குஞ்சு. "ஸ்டர் கிரேஸி"யில் கிண்டல் கிளறல் எதுவும் இல்லை. ஸ்டர் என்பது சிறைக்கான பழைய கொச்சைச் சொல். அடைந்து கிடந்து பித்துப் பிடிப்பதைச் சொல்கிறது.

கடைசியாக பாயில். கடைப் பலகையில் 'பாயில்ட் ரைஸ்' என்றிருந்தால் நமக்குப் புழுங்கல் அரிசி. வெளிநாட்டு மெனுவில் அது வெறும் வெந்த சோறு. புழுங்கலுக்கு அவர்கள் சொல்வது பார்பாயில்ட். வேடிக்கை என்னவென்றால், பார்பாயில் என்பதன் லத்தீன் மூலத்துக்கு 'நன்றாக வேகவைப்பது' என்று பொருள். 'பார்' என்பதைப் 'பார்ட்', அதாவது பாதி, என்று தப்பாகக் கேட்டுக்கொண்டு ஆங்கிலேயர்களே அர்த்தத்தை மாற்றிவிட்டார்கள். நம் தவறுகளுக்கு நல்ல துணை.

ஆஃப் பாயிலில் அந்தத் துணையும் கிடையாது. நம்மூர்த் தள்ளுவண்டியில் அது கல்லில் உடைத்து ஊற்றி, ஒரு பக்கம் மட்டும் வெந்து, மேலே மிளகுத்தூள் தூவி வருவது. கொதிநீர் அதன் பக்கமே போவதில்லை. ஆங்கிலத்தில் அதற்கு "சன்னி சைட் அப்". சிங்கப்பூருக்கு முதன்முதலாகப் போன என் நண்பன் காலையில் காபிக் கடையில் உட்கார்ந்து ஆஃப் பாயில் கேட்டிருக்கிறான். ஓட்டோடு லேசாக வெந்நீரில் வெந்த இரண்டு முட்டை வந்தது, கூடவே ஒரு சின்னத் தட்டு, சோயா சாஸ், வெள்ளை மிளகுத்தூள். ஒன்றை உடைத்தான். கொழகொழவென்று தட்டு முழுக்க ஓடியது. வேகவே இல்லையே என்று கடைக்காரரைத் தேடியவனிடம், பக்கத்து மேசையில் இருந்த தமிழ் அம்மா கேட்டாராம்: "தம்பி ஊருலேர்ந்து இப்பதான் வந்தீங்களா?"