4294967297: தொடக்கக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் 4294967297. பத்து இலக்கம்தான். ஆனால் இது பகா எண்ணா என்று பார்க்கும்போது, நாங்கள் படித்த காலத்தில் தடுக்கி விழுந்த அதே இடங்களில் இன்றைய பிள்ளைகளும் விழுகிறார்கள். இலக்கம் விட்டுப்போவது, கூட்டல் பிழை இவற்றையெல்லாம் நான் பேசப்போவதில்லை; அவை தானாகச் சரியாகிவிடும்.

வரிசையை நம்புவது

2-இன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளோடு 1 கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 எல்லாமே பகா எண்கள். அடுத்து வரும் இதுவும் அப்படித்தான் என்று கணித மேதை ஃபெர்மாவே நம்பினார். 1732-இல் ஆய்லர் என்ற கணித மேதை உடைத்துக் காட்டினார்: 641 × 6700417.

ஒரே சோதனையில் தீர்ப்பு எழுதுவது

ஓர் ஒற்றைப்படை எண் பகா எண் என்றால், 2-ஐ அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி அந்த எண்ணால் வகுக்க மீதி 1 வரும். இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்வதுதான் சிக்கல். "மீதி 1 வந்துவிட்டது சார், பகா எண்தான்" என்று ஒரு மாணவி நோட்டை நீட்டினார். அதை நம்பி, காரணிகளின் கூட்டுத்தொகை 4294967298 என்றும் எழுதியிருந்தார். உண்மையில் காரணிகள் நான்கு, கூட்டுத்தொகை 4301668356. அதன்மேல் கட்டிய பக்கங்கள் அத்தனையும் வீண்.

மீதி 1 வராமல் எப்படி இருக்கும்? 2-ஐ வர்க்கப்படுத்திக்கொண்டே போங்கள்: 4, 16, 256, 65536, 4294967296. கடைசியில் நிற்பது நம் எண்ணுக்கு ஒன்று குறைவு, அதாவது மீதி −1. இன்னொரு முறை வர்க்கப்படுத்தினால் 1. பாக்கியுள்ள 26 முறையும் 1-தான். அந்த 1 எண்ணின் அமைப்பிலிருந்து வருவது. பகா எண்ணா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதைவிடக் கடுமையான மில்லர்–ராபின் என்ற பகா எண் சோதனைக்குப் போனாலும், உயர்த்தும் எண்ணாக (அடிமானமாக) 2-ஐயே வைத்தால் இதே கதை: வழியில் −1 வந்துவிடுவதால் எண் தேறிவிடும்.

முதலில் சொன்ன சோதனையிலேயே 2-க்குப் பதில் 3-ஐ வையுங்கள். மீதி 3029026160, 1 இல்லை. குட்டு உடைந்தது! இந்த ஒரு மாற்றத்தைச் செய்து பார்க்காமல் 'நிரூபித்துவிட்டேன்' என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

65536-ஐத் தாண்டியும் வகுத்துக்கொண்டிருப்பது

வேண்டாம். நம் எண்ணின் வர்க்கமூலமே 65536 சொச்சம்தான்; அதற்குள் காரணி இல்லையென்றால் அப்புறமும் இல்லை.

கணினியின் கொள்ளளவை மறப்பது

கழித்தல் குறிக்கு இடமில்லாத (குறியில்லா) 32 பிட் இடத்தில் 4294967295 வரைதான் கொள்ளும்; இந்த எண் 1 ஆகச் சுருங்கிவிடும். 64 பிட்டிலும், மேலே சொன்னபடி வர்க்கப்படுத்திக்கொண்டே போனால் ஆபத்து உண்டு. 4294967296-இன் வர்க்கம் சரியாக 2-இன் 64-ஆம் அடுக்கு. அது 0 ஆகிவிடும். அப்புறம் எல்லாமே 0. மீதி 1 வராததால் நிரல் 'பகு எண்' என்று சொல்லும். விடை சரி, வழி முழுக்கத் தவறு. எவ்வளவு பெரிய முழு எண்ணையும் கொள்ளும் பைத்தான் நிரல்மொழியில் இந்தத் தொல்லை இல்லை.

641 கிடைத்ததும் பேனாவை மூடுவது

6700417 இன்னும் உடையுமா என்று பார்க்க வேண்டும். 4294967297-இன் பகாக் காரணி எதுவானாலும் 128-இன் மடங்கோடு 1 கூட்டியதாகவே இருக்கும். 6700417-இன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதற்குள் அப்படிப்பட்ட பகா எண்கள் ஐந்தே ஐந்து: 257, 641, 769, 1153, 1409. வகுத்தால் மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. எதுவும் 0 இல்லை. சரி, இப்போது 6700417 பகா எண் என்று எழுதலாம்.