வளரிளம் பருவத்தினரின் தாடை மூட்டைப் படமெடுத்து மதிப்பிடும் முறை

வளரிளம் பருவத்தினர் ஒருவரின் தாடை மூட்டைப் படமெடுக்க அனுப்பும் முன், அந்தப் படத்திலிருந்து எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதிக்கொள்ள வேண்டும். காதுக்கு முன்புற வலி, வாய் திறக்கும்போது எழும் சொடக்கொலி, தாடை இறுக்கம் என்று வருவோரில் பலருக்கு வலி மெல்லும் தசைகளிலிருந்தே எழுகிறது. அவ்வலியை எந்தப் படமும் காட்டித் தராது. தாடை மூட்டுக் கோளாறுகளுக்காக 2014இல் வெளியான டி.சி./டி.எம்.டி. நோயறிதல் அளவுகோல்களும் நோயாளி சொல்லும் வரலாற்றையும் கையால் செய்யும் பரிசோதனையையுமே முதலில் வைக்கின்றன; மூட்டின் எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்த வட்டின் இடமாற்றத்தையும் எலும்புத் தேய்வையும் உறுதிப்படுத்தும் கட்டத்தில்தான் படத்தை அழைக்கின்றன. எனவே தசைகளையும் மூட்டையும் தொட்டு அழுத்திப் பார்த்து, வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது, திறக்கும்போது முகவாய் எந்தப் பக்கம் சாய்கிறது, பற்கள் கடிக்கும் விதம் அண்மையில் மாறியிருக்கிறதா என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சில நிலைமைகளில் காத்திருக்கக் கூடாது. முகவாயில் அடிபட்ட பின் கடி மாறியிருத்தல், முன்பற்கள் புதிதாக ஒன்றையொன்று தொடாமல் போதல், முகவாய் ஒரு பக்கமாக விலகிச் செல்லுதல், வீக்கமோ காய்ச்சலோ உணர்விழப்போ சேர்ந்திருத்தல், வேறு மூட்டுகளில் அழற்சி இருத்தல் ஆகியவை உடனே படமெடுக்க வேண்டிய காரணங்கள்.

முழுத்தாடை எக்ஸ்ரேயான ஓ.பி.ஜி. தொடக்கப் பார்வைக்குப் போதுமானது. மூட்டுத்தலைகள் எனப்படும், கீழ்த்தாடை எலும்பின் இரு மேல்முனைகளின் உயர வேறுபாடு, பெரிய முறிவு, வலிக்குப் பல்லே காரணமாக இருக்கும் வாய்ப்பு ஆகியவை அதில் தெரியும். ஆனால் வட்டு அதில் தெரியாது; எலும்பின் தொடக்கநிலை அரிப்பும் தப்பிவிடும். ஆகவே ஓ.பி.ஜி. இயல்பாக இருப்பதை மட்டும் வைத்து மூட்டு நலமாக இருக்கிறது என்று எழுதக் கூடாது.

எலும்பைப் பற்றிய கேள்விக்கு, கூம்பு வடிவ எக்ஸ்ரே கற்றையால் முப்பரிமாணப் படம் தரும் கோன் பீம் சி.டி. சிறந்தது. ஓ.பி.ஜி.யின் கதிர்வீச்சு பொதுவாகச் சில பத்து மைக்ரோசீவர்ட்டுக்குள் அடங்க, கோன் பீம் சி.டி.யில் அது கருவியையும் படமெடுக்கும் பரப்பையும் பொறுத்து நூற்றுக்கணக்கான மைக்ரோசீவர்ட் வரை உயரலாம். வளரும் உடலின் திசுக்கள் கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படுபவை என்பதால், இரு மூட்டுகளையும் அடக்கும் மிகச் சிறிய பரப்பைத் தேர்ந்து, பிள்ளையின் உடலளவுக்கேற்பக் கதிர்வீச்சின் அளவைக் குறைத்து, பற்கள் முழுமையாகக் கடித்த நிலையில் எடுக்கச் சொல்ல வேண்டும்.

அந்தப் படத்தைப் படிக்கும்போதுதான் மிகுந்த கவனம் தேவை. வளர்ந்தவரின் மூட்டுத்தலையைச் சுற்றி அடர்ந்த வெண்கோடாகத் தெரியும் புறணி எலும்பு, வளரிளம் பருவத்தில் முழுமை பெற்றிருப்பதில்லை. ஏறத்தாழ 12 முதல் 14 வயதில் உருவாகத் தொடங்கி, 21 அல்லது 22 வயதளவில்தான் அது நிறைவடைகிறது. பெரியவர்களின் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் மங்கலான, விட்டுவிட்டுத் தெரியும் விளிம்பு அரிப்பாகவே தோன்றும். அந்த ஒரு தோற்றத்தைக் கொண்டு தேய்வு நோய் என்று எழுதிவிட்டால், நலமான மூட்டுக்குச் சிகிச்சை தொடங்கிவிடும். விளிம்பு மெல்லியதாக இருந்தும் மூட்டுத்தலை உருண்டு, இரு பக்கமும் ஒத்திருந்தால் அது பெரும்பாலும் வளர்ச்சியே. இரண்டு வெவ்வேறு தளங்களில் உறுதியாகத் தெரியும் குழிவு, மேற்பரப்பு தட்டையாதல், மூட்டுத்தலையின் உயரம் குறைதல், முந்தைய படத்தைவிட மாற்றம் கூடியிருத்தல் ஆகியவையே நோயைச் சுட்டுகின்றன. பதின்பருவப் பெண்களில், கீழ்த்தாடை பின்வாங்கி முன்பற்களிடையே இடைவெளி விழும்போது, காரணம் தெளிவாகாத மூட்டுத்தலைக் கரைவை நினைவில் கொள்ள வேண்டும்.

வட்டு, மூட்டுநீர், மூட்டுச் சவ்வு, எலும்பு மச்சை ஆகியவற்றுக்கு எம்.ஆர்.ஐ. ஒன்றே முழுமையான விடை தரும், கதிர்வீச்சும் இல்லை. இரு மூட்டுகளையும் வாய் மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் எடுக்க வேண்டும். வெட்டுத்தளங்களை ஒவ்வொரு மூட்டுத்தலையின் நீள் அச்சுக்கு ஏற்பச் சாய்த்து அமைக்க வேண்டும். வாய் மூடியிருக்கையில் வட்டின் தடித்த பின்பகுதியான பின்பட்டை மூட்டுத்தலையின் உச்சியில், கடிகாரத்தின் 12 மணி இடத்தில் அமைவது இயல்பு. முன்னால் நழுவிய வட்டு, வாய் திறக்கும்போது தன் இடத்துக்குத் திரும்புகிறதா என்பது திறந்த நிலைப் படத்தில்தான் தெரியும். திறந்த வாயோடு அசையாமல் சில நிமிடங்கள் இருப்பது பிள்ளைகளுக்குக் கடினம். கடிப்புக் கட்டையைக் கொடுத்து அறைக்கு வெளியிலேயே பழக்கிவிட்டால் மங்கலான படத்தைத் திரும்ப எடுக்க வேண்டியிராது. பல் கம்பி அணிந்தவரிடம் துருப்பிடிக்காத எஃகு படத்தைச் சிதைக்கும். கழற்றக்கூடிய கம்பியை முன்கூட்டியே எடுத்துவிடும்படி பல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

16 வயதுக்கு முன் தொடங்கி 6 வாரமாவது நீடிக்கும் இளம்பருவ மூட்டழற்சி இருந்தால், வலி இல்லை என்பதற்காகத் தாடை மூட்டை விட்டுவிடக் கூடாது. வலியே இல்லாமல் அது மூட்டைத் தாக்கி, கீழ்த்தாடையின் வளர்ச்சியைக் குன்றச் செய்யும். இங்கே, அழற்சியைப் படத்தில் ஒளிரச் செய்யும் காடோலினியம் மருந்து செலுத்திய எம்.ஆர்.ஐ. பயன் தரும். சிறுநீரகக் கோளாறும் ஒவ்வாமையும் உண்டா என முதலில் கேட்டறிய வேண்டும். மருந்து விரைவில் சவ்விலிருந்து மூட்டுநீருக்குள் கசிவதால், செலுத்திய உடனேயே எடுக்கும் படங்கள்தான் அழற்சியைப் பிரித்துக் காட்டும். சிறிதளவு நீரும் மெல்லிய ஒளிர்வும் நலமான பிள்ளைகளிடமும் காணப்படும். தனியாக அவை நோய்க்குச் சான்றாகா.

அல்ட்ராசவுண்டு மூட்டின் வெளிப்பக்கத்தை மட்டுமே எட்டும். செய்பவரின் தேர்ச்சியைப் பெரிதும் சார்ந்தது. ஒரு பக்க மூட்டுத்தலை மட்டும் மிகையாக வளர்கிறதா என்ற ஐயத்துக்கு எலும்பு ஸ்கேன் உதவும். ஆனால் அந்த ஸ்கேனுக்காகச் செலுத்தும் கதிரியக்க மருந்தை வளரும் எலும்பு இயல்பாகவே ஈர்ப்பதால், இரு பக்க வேறுபாட்டைத்தான் பார்க்க வேண்டும்.

தொடர் படங்கள் தேவைப்பட்டால், அதே கருவியில், அதே கடி நிலையில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். அறிக்கையில் வயதையும் பரிசோதனையில் கண்டதையும் குறிப்பிட்டு, படத்தில் தெரிவது எது, அதற்கு நாம் தரும் பொருள் எது என்று பிரித்து எழுத வேண்டும். தாடை மூட்டுத் தொல்லை எதுவும் இல்லாதவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு எம்.ஆர்.ஐ.யில் வட்டு இடம் மாறியிருப்பது தெரிகிறது. வலியும் இறுக்கமும் இல்லாமல் வெறும் சொடக்கொலியோடு இருக்கும் பிள்ளையின் அறிக்கையில் வட்டு இடம் மாறியிருப்பதாக எழுதியிருந்தால், அதற்குச் சிகிச்சை தேவையில்லை என்பதையும், வாய் திறப்பு குறைந்தாலோ வலி தொடங்கினாலோ மீண்டும் வர வேண்டும் என்பதையும் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் நேரிலேயே விளக்கிச் சொல்ல வேண்டும்.